பன்னிரண்டு மணித்தியாலம் கட்டிக் கிடக்கும் நாய்

நாயைப் பற்றி முஸ்லிம் டீச்சர் ஒருத்தி எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் நாய் இல்லை. வளர்க்கும் யோசனையும் இல்லை. எங்கள் மாமியிடம் பூனைக்கே இன்னும் அனுமதி வாங்க முடியவில்லை. ஆனாலும் இதை எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது. பதிவு நீளம். டியூட்டியில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய் ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் ஏழுக்கு ஒவ்வொரு வருடமும் "எனது செல்லப்பிராணி" என்று ஒரு கட்டுரை கொடுப்போம். வருடா வருடம் ஒரே கட்டுரைதான் வரும். நாய் நன்றியுள்ள பிராணி, அதற்கு நான்கு கால்கள், ஒரு வால், எங்கள் நாயின் பெயர் டொமி, அது வீட்டைக் காக்கும், நான் அதை மிகவும் விரும்புகிறேன். முற்றுப்புள்ளி. நாற்பது கொப்பியையும் திருத்தி முடித்தால் நாற்பது டொமி இருக்கும். இந்தத் தவணை ஒரு பையன் அந்த நான்கு கால், ஒரு வாலுக்குப் பிறகு இப்படி எழுதியிருந்தான்: "டொமியைக் காலையில் அம்மா கட்டிவிட்டுப் போவா. ராவைக்கு வந்துதான் அவிழ்ப்பா. அது அழும். நான் பக்கத்தில் இருப்பேன்." எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன். அதற்கு மேல் அந்த வரிகளுக்கு என்ன புள்ளி போடுவது என்று தெரியவில்லை.

அந்தப் பையனின் அம்மா கார்மன்ட் ஒன்றில் வேலை. ஐந்தேமுக்கால் பஸ்ஸுக்குப் போனால், ஓட்டி இருக்கிற நாளில் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. அப்பா கொழும்பில் செக்கியூரிட்டி. பன்னிரண்டு மணித்தியால சிப்ட். ஆள் வராவிட்டால் அதுவே இருபத்து நான்காகிவிடும். மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய காரியம். இது ஒரு வீட்டின் கதை என்று நினைக்காதீர்கள். வகுப்பில் கை உயர்த்தச் சொன்னேன். நாய் இருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல், பகலில் பெரியவர் யாரும் இல்லாத வீடுகள்.

இதைச் சொன்னவுடன் ஸ்டாஃப் ரூமில் உடனே ஒரு தீர்ப்பு வந்தது. "பார்க்க நேரமில்லாதவங்க எதுக்கு நாய் வளர்க்கிறாங்க?" கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளுக்கு ஏன் நாய் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கிற வீடு என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் மோட்டர் காணாமல் போகிறது, கேஸ் சிலிண்டர் காணாமல் போகிறது. இரவு எட்டு மணிக்கு லைட் இல்லாத பாதையில் தனியே நடந்து வருகிற பொம்பிளைக்கு, சந்தி வரைக்கும் வந்து நிற்கிற ஒரு நாய் எவ்வளவு பெரிய துணை என்று காரில் போகிறவர்களுக்கு விளங்காது. இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பாடசாலை ஒன்றரைக்கு விடும். பையன் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகிறான். அம்மா எட்டு மணிக்கு வருகிறா. இடையில் உள்ள ஆறு மணித்தியாலம் அந்தப் பிள்ளையை எதிர்பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்கிற ஒரே உயிர் அந்த நாய்தான். அதை வளர்க்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் கருத்து இதுதான். நீண்ட நேர வேலை செய்கிறவர்கள் நாய் வளர்க்கலாம். ஆனால் தனியே வளர்க்க முடியாது. இரண்டாவது ஆள் ஒருவர் பேசி ஒழுங்குபண்ணி வைக்கப்படாமல் அந்த வீட்டுக்குக் குட்டி வரக்கூடாது. அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான். எங்கள் ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரர் பல இடத்தில் முஸ்லிமாக இருப்பார். இங்கேதான் நான் வருகிறேன்.

முதலில் அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்தை நாயின் பக்கத்தில் இருந்து பார்ப்போம்.

வளர்ந்த நாய் ஒன்று ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வரை சிறுநீரை அடக்கும். குட்டிக்கு ஒரு மாத வயதுக்கு ஒரு மணித்தியாலம் என்பது பொதுவான கணக்கு. மூன்று மாதக் குட்டி மூன்று மணித்தியாலம்தான் தாங்கும். நாய் தான் படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்த விரும்பாத பிராணி. நான்கு அடிச் சங்கிலியில் கட்டினால் அதற்கு வேறு வழி இல்லை. தன் அசிங்கத்திலேயே படுக்கிறது. மாலையில் வந்து "சீ, நாத்தம்" என்று அடி வாங்குவதும் அதுவே.

அடுத்தது நிழல். காலை ஆறு மணிக்குக் கட்டும்போது மதில் ஓரம் நல்ல நிழலாக இருக்கும். பகல் ஒரு மணிக்கு அந்த இடத்தில் வெயில் கொளுத்தும். சூரியன் ஓரிடத்தில் நிற்காது என்பதை ஆறாம் தரப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறோம், ஆனால் நாயைக் கட்டும்போது யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை. நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர்ச் சட்டியோ சங்கிலி இழுபட்டுக் காலை எட்டு மணிக்கே கவிழ்ந்து கிடக்கும். இரவு எட்டு மணி வரைக்கும் அது கவிழ்ந்தபடியே கிடக்கும். "தண்ணி வச்சிட்டுத்தானே போனேன்" என்று சொல்கிற அம்மா பொய் சொல்லவில்லை. வைத்தது உண்மைதான்.

கவிழாத பாத்திரம் ஒன்று எங்கள் வீடுகளிலேயே சும்மா கிடக்கிறது. பாவிக்காமல் கொல்லையில் போட்டிருக்கிற பழைய கல் உரல். எந்த நாயாலும் புரட்ட முடியாது, தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும். உரல் இல்லையென்றால் வாளியின் பிடியைத் தூணோடு கம்பியால் கட்டிவிடலாம். ஒன்று போதாது, இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். டெங்குக் காலத்தில் தினமும் கழுவி ஊற்ற வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பீ.எச்.ஐ. வந்து என்னைத்தான் கேட்பார்.

கட்டிப்போட்ட நாய்தான் கூடக் கடிக்கிறது. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. பயந்த நாய்க்கு இரண்டு வழி, ஒன்று ஓடுவது, மற்றது கடிப்பது. சங்கிலி போட்டால் முதல் வழி இல்லை. பிறகு ஒரு நாள் சங்கிலி அறுந்தால் அந்தப் பாதையால் வருகிறது எங்கள் பிள்ளைகள்.

எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்விக்கு இப்போது வருகிறேன். "டீச்சர், நஜீஸ் எல்லவா?"

ஆமாம். ஷாபிஈ மத்ஹபில் நாய் கடுமையான நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. இதைச் சின்ன வயதிலேயே குர்ஆன் மத்ரஸாவில் படித்திருக்கிறோம், அதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. மாலிக்கி மத்ஹபில் வேறு விதமாகச் சொல்கிறார்கள் என்று வாதாட வரவும் இல்லை. நான் டீச்சர், ஆலிமா இல்லை. சட்டம் தெரிய வேண்டியவர்கள் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். நான் கேட்பது வேறு. நஜீஸ் என்பது எங்கள் உடுப்புக்கும் தொழுகைக்கும் உள்ள சட்டம். நாய் தாகத்தில் கிடக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறது? பன்றி இறைச்சியைச் சாப்பிட மாட்டோம் என்பதற்காகப் பன்றிக்குக் கல்லெறிவது மார்க்கம் ஆகுமா?

தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு வந்தவரை அல்லாஹ் மன்னித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதே போல ஒரு நடத்தை கெட்ட பெண்ணுக்கும் அதே காரியத்துக்காக மன்னிப்புக் கிடைத்தது. ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் இந்த விஷயத்துக்கு அதை விட நெருக்கமான ஹதீஸ் பூனையைப் பற்றியது. ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்தாள், சாப்பாடும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை, அதற்காகத் தண்டிக்கப்பட்டாள். இதைப் பூனை வளர்ப்போருக்கான ஹதீஸ் என்றே நாங்கள் வாசித்துப் பழகிவிட்டோம். கொஞ்சம் நின்று பாருங்கள். கட்டி வைத்தது, அவிழ்க்காமல் விட்டது. குற்றம் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது. எங்கள் லேனில் எத்தனை வீட்டில் அது நடக்கிறது?

வெள்ளிக்கிழமை ஸூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோம். குகைவாசிகளோடு ஒரு நாயும் வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்தது அதில் வருகிறது. வேட்டைக்கும், மந்தைக்கும், பயிருக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. வீட்டுக் காவலையும் அதோடு ஒப்பிட்டு அனுமதித்த ஷாபிஈ இமாம்கள் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் மார்க்கத்தில் நாய்க்கு வாசல் இருக்கிறது, படுக்கையறைதான் இல்லை. வாசலில் இருப்பதற்கும் தண்ணீர் வேண்டும்.

இனி எங்கள் லேனில் நடந்தது.

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ் நேர்ஸ் மிஸ் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மிஸ்ஸுக்கு ரோஸ்டர் டியூட்டி. நைட் வந்தால் மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. கணவர் ட்ரைவர், விடியற்காலையில் போனால் இரவுதான். அவர்களிடம் ஒரு மண்ணிற நாய், சாதாரண ஊர் நாய். லேன் வட்ஸ்அப் குரூப்பில் பிரச்சினை தொடங்கியது. நாய் குரைக்கிறது, ஊளையிடுகிறது, பிள்ளைகள் படிக்க முடியவில்லை, பொலிஸில் சொல்வோம் என்று வொய்ஸ் மேல் வொய்ஸ். ஒருவர் அதற்கு ஒரு "மருந்து" இருக்கிறது என்று சிரிப்புப் படமும் போட்டார். எந்த மருந்து என்று எல்லோருக்கும் விளங்கியது. அந்தக் குரூப்பில் மிஸ் இல்லை. அவர்கள் வாடகைக்காரர்கள் என்று யாரும் சேர்க்கவே இல்லை.

நான் போய் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "என்ன டீச்சர் சொல்றீங்க, அது அழுவுதா? எங்ககிட்ட ஒரு நாளும் அழுததில்லையே."

அவர் சொன்னதும் உண்மைதான். அவர்கள் வீட்டில் இருக்கும்போது அது அழுவதில்லை. அவர்கள் போன பிறகுதான் அழுகிறது. ஆகவே அந்த அழுகையை உலகத்தில் கேட்காத இரண்டே பேர் அந்த நாயின் சொந்தக்காரர்கள். கேட்கிற நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லாமல் குரூப்பில் ஏசிக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் போனில் ரெக்கோட் பண்ணி அனுப்பினேன், காலை ஒன்பதேகாலுக்கு ஒன்று, பகல் பன்னிரண்டரைக்கு ஒன்று. மிஸ் டியூட்டி இடைவேளையில் அதைக் கேட்டிருக்கிறார். மாலையில் வந்து கண் கலங்கி நின்றார். பகல் முழுக்க வாட்டில் மற்றவர்களுடைய நோயாளிகளைப் பார்க்கிற ஒருவர், தன் வீட்டு நாய் தண்ணீர் இல்லாமல் கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. ரோஸ்டரை அவரா போடுகிறார்?

இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. மாதக் கடைசியில் மிஸ் தன் ரோஸ்டரைப் போட்டோ எடுத்து அனுப்புவார். இரண்டு பேரும் இல்லாத நாட்களில் லேன் மூலையில் உள்ள பென்ஷன் எடுத்த சிங்கள அங்கிள் பத்து மணிக்கு வந்து அவிழ்த்து ஒரு சுற்று நடத்திக்கொண்டு போவார். டொக்டர் அவருக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார், நாய் இல்லாவிட்டால் அவர் நடக்க மாட்டார் என்று ஆன்டி சொல்கிறார். என் பங்கு தண்ணீர். பாடசாலை விட்டு வந்ததும் தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற ஹோஸை மதிலுக்கு மேலால் பிடித்து அந்தப் பக்க உரலை நிரப்புவேன். இரண்டு நிமிடம். உடுப்பில் ஒன்றும் படாது, ஏழு தடவை கழுவ வேண்டிய அவசியம் வரவே இல்லை. ஆரம்பத்தில் மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். போன கிழமை நான் வர லேட்டாகிவிட்டது. "அந்த சீவனுக்கு தண்ணி ஊத்தல்லயா புள்ள?" என்று அவர்தான் கேட்டார்.

குரைப்பு முழுதாக நிற்கவில்லை. நாய் என்றால் குரைக்கும். ஆனால் ஊளை நின்றுவிட்டது. குரூப்பிலும் இப்போது குப்பை லொறி பற்றித்தான் சண்டை.

டியூட்டிக்காரர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். இவை நானாகக் கண்டுபிடித்தவை இல்லை. மிஸ் பேராதனை மிருக வைத்திய வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் கேட்டு வந்ததும், நான் வாசித்ததும், அங்கிள் சொன்னதும் கலந்தது.

புறப்படும் முன் இருபது நிமிடம் நடத்துங்கள். அதிகாலை நாலரைக்கு எழும்புகிறவருக்கு இது பெரிய பாரம், தெரியும். ஆனாலும் நடந்து களைத்த நாய் முதல் நான்கு ஐந்து மணித்தியாலம் தூங்கிவிடும். நாய் ஒரு நாளில் பாதிக்குக் கிட்டத் தூங்குகிற பிராணி, நீங்கள் அந்தத் தூக்கத்தை உங்கள் டியூட்டியோடு பொருத்த வேண்டும், அவ்வளவுதான். நைட் டியூட்டிக்காரருக்கு உண்மையில் இது இலேசு. காலையில் வந்து அவிழ்த்து, நடத்தி, சாப்பாடு போட்டுவிட்டு நீங்களும் படுங்கள், அதுவும் படுக்கும்.

கலாசாலையில் உளவியல் படித்த எல்லா ஆசிரியருக்கும் ஒரு நாயைத் தெரியும், பவ்லோவின் நாய். சாப்பாட்டுக்கு முன் ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், பிறகு சத்தத்துக்கே அதற்கு வாய் ஊறும். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிட்டோம். உங்கள் வீட்டு நாயும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கிறது. சாவிக் கொத்துச் சத்தம், சப்பாத்து, டியூட்டி பேக். இதைக் கண்டதும் பன்னிரண்டு மணித்தியாலத் தனிமை வருகிறது என்று அதற்குத் தெரியும், நீங்கள் கேட்டைத் தாண்ட முன்பே பதற்றம் தொடங்கிவிடும். போகும்போது கட்டிப்பிடித்துக் கொஞ்சி "போயிட்டு வாறேன் மகன்" என்று நாடகம் போடாதீர்கள். அது பதற்றத்தைக் கூட்டும். லீவு நாளிலும் சும்மா சாவியை எடுத்து ஆட்டிவிட்டு உட்காருங்கள், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு டீவி பாருங்கள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் குறையும்.

சாப்பாட்டை ஒரேயடியாகக் குவித்து வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நல்லதல்ல. சோறும் மீன் தலையும் எங்கள் சூட்டில் நான்கு மணித்தியாலத்தில் புளித்துவிடும், எறும்பு மொய்க்கும். இரண்டு நேரமாகப் பிரித்து, ஒன்றை நீங்கள் இருக்கும்போது போடுங்கள். எறும்புக்குச் சீனிப் போத்தலுக்குச் செய்கிற வேலைதான், பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது. வெந்த கோழி எலும்பு வேண்டாம், உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். வெங்காயம் கூடிய கறி, சொக்லட், முந்திரிகை வற்றல், மூன்றும் நாய்க்கு விஷம். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவே வேண்டாம்.

சங்கிலிக்குப் பதிலாக, மதில் உள்ள வீடாக இருந்தால் கேட்டைப் பூட்டி அவிழ்த்து விடுங்கள். மதில் இல்லையென்றால் ஒரு பக்கம் வலை அடித்த சின்ன அடைப்பாவது கட்டலாம். லயன் அறையிலும் வாடகை அனெக்ஸிலும் இருக்கிறவர்களுக்கு இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். பல இடத்தில் நடக்காது. அப்படியானால் பகலில் இரண்டு தடவை அவிழ்த்துவிட ஓர் ஆளையாவது பிடியுங்கள். அதுவும் இல்லை, வீட்டில் பகலில் யாரும் இல்லை, பக்கத்திலும் இல்லை, வேலை பன்னிரண்டு மணித்தியாலம் என்றால் குட்டியை எடுக்காதீர்கள். இதில் நான் கறார். குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை சாப்பாடு வேண்டும். அதன் முதல் மாதங்களைத் தனிமையில் கழித்த நாய் பிறகு ஆயுளுக்கும் பயந்த நாய்தான். ஆசையாக இருந்தால் வளர்ந்த நாய் ஒன்றை எடுங்கள், தெருவில் எத்தனையோ இருக்கின்றன. பெண் நாய் என்றால் கருத்தடை செய்யாமல் வைத்திருக்க வேண்டாம். ஆறு குட்டிகளை ஷொப்பிங் பேக்கில் போட்டு எங்கள் பாடசாலை கேட் அடியில் வைத்துவிட்டுப் போகிற ஆட்களை வருடா வருடம் பார்க்கிறோம்.

இனி எனக்கு உண்மையில் பயமான விஷயம்.

1973ஆம் ஆண்டில் இந்த நாட்டில் விசர்நாய்க்கடியால் 377 பேர் மௌத்தானார்கள். தடுப்பூசி வேலைத்திட்டங்களால் அது இப்போது வருடத்துக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு வந்திருக்கிறது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த இருபது முப்பதும் தடுத்திருக்கக் கூடிய மௌத். நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் மருந்து இல்லை. நாய்க்கு வருடத்துக்கு ஒரு தடவை ஊசி. இலவசமாகவே போடுகிறார்கள்.

அப்படியானால் ஏன் சில நாய்கள் விடுபடுகின்றன? எங்கள் பக்கம் போன தடவை ஊசி போட வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்கு. ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் கார்மன்ட் அம்மா மெஷினில் இருக்கிறா, செக்கியூரிட்டி அப்பா கொழும்பில் கேட்டில் நிற்கிறார், மிஸ் வாட்டில், பையன் என் வகுப்பில். நாய் மட்டும் வீட்டில் கட்டியபடி இருக்கிறது, பிடித்துக்கொடுக்க ஆள் இல்லை. ஆகவே பகலில் ஆள் இருக்கிற வீட்டு நாய்க்கு வருடா வருடம் ஊசி. தனியே கிடக்கிற, பயந்த, கடிக்கக் கூடிய நாய்க்கு ஊசி இல்லை. இதை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, அவர்களும் வெயிலில் நடக்கிறார்கள். ஆனால் போயா தினத்தில், ஞாயிற்றுக்கிழமையில், மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு தடவை வையுங்கள். ஆயிரம் பேர் வேலை செய்கிற கார்மன்ட் ஒன்று தன் தொழிலாளருக்காக லீவு நாளில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டுக் கொடுத்தால் அதன் ஏற்றுமதி குறைந்துவிடாது.

அதுவரைக்கும் இரண்டாவது ஆளின் வேலையில் இதுவும் ஒன்று. ரோஸ்டரில் தண்ணீரை எழுதுவது போல ஊசி நாளையும் எழுத வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. தனியே இருக்கிற பிள்ளை கீறல் பட்டால் சொல்லாது. வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "ஏன் சொல்ல மாட்டீங்க?" "அம்மா ஏசுவா" என்றார்கள் சிலர். ஒரு சின்னப் பிள்ளை சொன்னது, "டொமியைக் கொண்டுபோய் விட்டிருவாங்க மிஸ்." தான் நேசிக்கிற நாயைக் காப்பாற்றப் பிள்ளை தன் காயத்தை மறைக்கிறது. ஆகவே "நாயிடம் போகாதே" என்று பயமுறுத்தும் பாடம் உதவாது, இன்னும் மறைக்கத்தான் செய்யும். நான் இப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: கடித்தாலும் கீறினாலும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், சொந்த நாயாக இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவு, பிறகு பெரியவர் ஒருவரிடம் சொல், அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசி போடுவதா இல்லையா என்பதை டொக்டர் சொல்வார். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். யாரும் ஏச மாட்டார்கள், நாயையும் கொண்டுபோய் விட மாட்டார்கள். கடைசி வாக்கியத்தைப் பெற்றோர் கூட்டத்தில் பெற்றோருக்கும் சொன்னேன். அவர்கள் அதைக் காப்பாற்றாவிட்டால் என் பாடம் வீண்.

"மனுசனுக்கே சாப்பாடு இல்லாத காலத்தில நாய்க் கதை என்னத்துக்கு?" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். 2022இல் அரிசி விலை ஏறியபோது எத்தனை வீட்டு நாய்கள் பாதைக்கு வந்தன என்று நானும் பார்த்தேன். ஆனால் மேலே எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். பிள்ளையைப் பார்க்க முடியாத அம்மா, மாதத்துக்கு ஒரு தடவை வருகிற அப்பா, ஆள் வராவிட்டால் இருபத்து நான்கு மணித்தியாலம் நிற்கிற செக்கியூரிட்டி. அந்தச் சங்கிலியின் மறு நுனி எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். மிருக வதைக்கு எதிராக வெள்ளைக்காரன் 1907இல் போட்ட சட்டம் இருக்கிறது, அதன்படி அபராதம் 100 ரூபாய். இன்றைக்கு அந்தச் சல்லிக்கு ஒரு றாத்தல் பான் கிடைக்காது. அந்தச் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்தான். ஆனால் கடுமையாக்கி அந்தக் கார்மன்ட் அம்மாவைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்துவதால் நாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. பன்னிரண்டு மணித்தியால சிப்டை எட்டாகக் குறைத்தால் கிடைக்கும். அதுவரைக்கும் மதிலுக்கு மேலால் ஹோஸ்.

பக்கத்து வீட்டு நாய் அழுகிறது என்றால் அந்த வீட்டுக்காரரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம், அவர்களுக்குத் தெரியாது. ரெக்கோட் பண்ணிக் காட்டுங்கள். எத்தனை மணிக்கு அழுகிறது என்று எழுதிக்கொடுங்கள்.

கண்டி மாவட்டத்தில் உள்ளவர்கள், உங்கள் எம்.ஓ.எச். பிரிவில் அடுத்த ஊசித் திகதியும் இடமும் நேரமும் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ போடுகிற இடம் எங்கேயாவது இருந்தால் அதை முதலில் போடுங்கள். பட்டியலாக்கி வகுப்புப் பெற்றோர் குரூப்புக்கு அனுப்ப வேண்டும்.